சட்டப் பேராசிரியர் துணைவேந்தர் ஆகும் வழி: வேலந்தாவளம் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி சுருக்கமாக இது. கேரள - தமிழ்நாடு எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துத் தம்பி ஒருவர் கோயம்புத்தூர் அரசு சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறார். பள்ளிப் படிப்பு முழுக்கக் கேரள அரசுப் பள்ளியில், தமிழ் மீடியம். கோர்ட்டை விட வகுப்பறையும் லைப்ரரியும்தான் பிடித்திருக்கிறது. "என்.ஆர்.மாதவ மேனன் மாதிரி சட்டப் பேராசிரியராகி, ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்தும் இடம் வரைக்கும் போக முடியுமா? அவர் எப்படிப் போனார்? அப்பாவோ, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு சித்தூர் கோர்ட்டுக்குப் போகிற வழியைப் பார் என்கிறார்" என்று கேட்கிறார். (ஆந்திராச் சித்தூர் இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர்.)

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். சட்டம் சொல்லிக்கொடுப்பது தொழில். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

முடியும் தம்பி. ஆனால் மேனனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவர் கட்டி எழுப்பிய பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில்தான் கதையை ஆரம்பிக்கிறார்கள். அவர் அங்கே போய்ச் சேரும்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார். அதற்கு முந்தைய இருபது வருஷம் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. உங்களுக்கு வேண்டிய பதில் அங்கேதான் இருக்கிறது.

1935-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சட்டம் படித்து, கேரள மாநிலம் உருவாகிற காலத்தில் வக்கீலாகப் பதிவு செய்து, ஊரிலேயே கொஞ்ச நாள் தொழில் பார்த்தார். நிலைக்கவில்லை. டெல்லிக்குப் போய் மத்திய அரசுச் செயலகத்தில் வேலை. அங்கிருந்து அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம்., பிறகு பி.எச்டி. 1965-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறைக்கு ஆசிரியராக வந்தார். இதுவரைக்கும் பார்த்தால் அந்தக் காலத்தில் தெற்கே இருந்து டெல்லி போன எத்தனையோ பேரின் வாழ்க்கைதான். தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

டெல்லியில் அவர் கையில் எடுத்த வேலையில்தான் விஷயம் இருக்கிறது. அன்றைக்குச் சட்டத் துறையில் பேர் வாங்க வேண்டுமென்றால் தீர்ப்புகளை அலசி நீளமான கட்டுரை எழுத வேண்டும். அரசியலமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம் என்று பெரிய தலைப்பில் புத்தகம் போட வேண்டும். மேனனும் எழுதினார். ஆனால் அவருடைய பேர் ஒட்டிக்கொண்டது இலவசச் சட்ட உதவி மையத்தோடு. மாணவர்களை நிஜ வழக்குகளில் இறக்கிப் பழக்கும் 'கிளினிக்' முறைக் கல்விக்கு இந்தியாவில் ஆதியிலிருந்து பாடுபட்டவர் என்று யாரைக் கேட்டாலும் அவரைத்தான் சொல்வார்கள்.

காலமும் அதற்குத் தோதாக இருந்தது. 1973-ல் வி.ஆர்.கிருஷ்ண ஐயர் தலைமையிலான குழு சட்ட உதவி பற்றி அறிக்கை கொடுத்தது. (ஐயர் பாலக்காட்டில் பிறந்தவர். நம் ஆட்கள் இதைச் சொல்லிக்கொள்வதே இல்லை.) 1976-ல் 42-ஆவது திருத்தத்தில் 39-ஏ பிரிவு வந்தது, ஏழைக்கு இலவசச் சட்ட உதவி தருவது அரசின் கடமை என்று எழுத்தில் ஏறியது. அதைச் சட்டமாக்கிய சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ல் நிறைவேறி, 1995-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் கிடந்த வருஷங்களில் சட்டக் கல்லூரி கிளினிக்குகளும் இங்கொன்றும் அங்கொன்றுமாக நடந்த முகாம்களும்தான் பாரத்தைச் சுமந்தன.

ஒரு கிளினிக் நடத்துவது என்றால் என்ன வேலை என்று பாருங்கள். வழக்குப் பதிவேடு வைக்க வேண்டும். சிறைக்குள் மாணவர்களை அனுப்பக் கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். பஸ் காசுக்குக் கணக்குத் துறையோடு மல்லுக்கட்ட வேண்டும். பரீட்சை லீவில் வாய்தா வந்தால் யார் போவது என்று முன்னாலேயே முடிவு பண்ண வேண்டும். ஆஜராக ஒரு வக்கீலைக் காசில்லாமல் சம்மதிக்க வைக்க வேண்டும். 'இதெல்லாம் பாடமா' என்று முகம் சுளிக்கும் சக பேராசிரியரைச் சமாளித்து, அவரிடமே மதிப்பெண் திட்டத்துக்குக் கையெழுத்தும் வாங்க வேண்டும். துணைவேந்தர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் காலை முதல் மாலை வரை இதே வேலைதான். தொகை மட்டும் பெரிது. கட்டுரை எழுதுவதில் மட்டும் கெட்டிக்காரராக இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர்கள் முதல் வருஷத்திலேயே திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பழகியது தீர்ப்பில் குறை கண்டுபிடிக்க. இங்கே தீர்ப்பு அவர்களே சொல்ல வேண்டும், அதுவும் பாதித் தகவலை வைத்துக்கொண்டு, நாளைக்குள்.

டெல்லி வேலைக்கு நடுவே மேனன் புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரியில் முதல்வராகவும் இருந்தார். இந்திய பார் கவுன்சில் அறக்கட்டளைக்குச் செயலாளராகவும் இருந்தார். ஆராய்ச்சியாளர்கள் இரண்டாவது வேலையை 'குமாஸ்தா வேலை' என்று ஒதுக்குவார்கள். ஆனால் வக்கீல் சங்கங்களோடு உட்கார்ந்து பேசும் பழக்கம், எந்த மாநிலத்தில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்ற அறிவு எல்லாம் அங்கிருந்துதான் கிடைத்திருக்கும். பார் கவுன்சில் ஒரு முன்மாதிரிச் சட்டப் பள்ளி தொடங்க நினைத்தபோது, சட்டத்தில் அவரை விடப் பெரிய அறிஞர்கள் நாட்டில் இருந்தார்கள். கூப்பிட்டது இவரை.

இனி பெங்களூர். கர்நாடக சட்டமன்றம் 1986-ல் இதற்கென்று தனிச் சட்டம் நிறைவேற்றியது. மேனன் நிறுவன இயக்குநர். 1988-ல் முதல் வகுப்பு. சொந்தக் கட்டடம் கிடையாது; ஊருக்கு நடுவே சென்ட்ரல் கல்லூரி வளாகத்தில் ஒண்டுக்குடித்தனம். நாகர்பாவி வளாகத்துக்குப் போனது பிறகுதான். அந்தக் காலத்துச் சட்டக் கல்லூரி எப்படி இருந்தது என்று உங்கள் அப்பாவின் வயதுக்காரர்களைக் கேளுங்கள். வேறு எதிலும் இடம் கிடைக்காதவர் சேர்வார். பாதிப் பேர் மாலை வகுப்பு. வருகைப் பதிவு பெயருக்கு. பரீட்சைக்கு முதல் வாரம் கைடு வாங்கிப் படித்தால் பாஸ். அந்த நிலைமையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை நுழைவுத் தேர்வு வைத்து எடுத்து, விடுதியில் தங்கவைத்து, ஐந்து வருஷம் பி.ஏ., எல்.எல்.பி. ஆனர்ஸ் என்று நடத்தினார். வருஷத்துக்கு இரண்டு பருவம் இல்லை, மூன்று. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஆய்வுக் கட்டுரை, அதை எழுதியவர் உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு வாய்மொழித் தேர்வு. ஒரே வகுப்பை இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து எடுப்பது. பொருளாதாரம், சமூகவியல், வரலாறு எல்லாம் சட்டத்தோடு கலந்து வரும்.

ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர் என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறார், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார், நடுவில் மறுத்துப் பேசுகிறார். மாணவருக்கு இதில் கிடைப்பது தெரிந்ததே: சட்டத்தில் ஒரு கேள்விக்கு ஒரே பதில் இல்லை என்று கண்ணெதிரே பார்த்துவிடுகிறார். நிர்வாகமாகப் பார்த்தால் அதில் இன்னொரு லாபம் உண்டு. இன்னொரு ஆசிரியர் முன்னால் யாரும் பழுப்பேறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வாசிக்க மாட்டார். சுற்றறிக்கை விட்டுச் செய்ய முடியாத கண்காணிப்பு இது. யாரையும் குற்றம் சொல்லாமலே தரம் ஏறும். இதைச் சட்ட நூல்கள் சொல்லித் தராது. வகுப்பறையில் வருஷக்கணக்காக நின்றவருக்குத்தான் தோன்றும்.

இன்னொரு ஏற்பாடும் சாமர்த்தியமானது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர் வேந்தர். இந்தச் சட்டப் பள்ளிக்கு இந்தியத் தலைமை நீதிபதி. உள்ளூர் அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் அந்தக் கதவைத் தாண்டுவது கஷ்டம். பின்னால் வந்த தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் இந்த வழியைப் பிடித்து, தலைமை நீதிபதியையோ அந்தந்த மாநில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியையோ வேந்தராக வைத்துக்கொண்டன. களமச்சேரியில் இருக்கும் கேரளத்தின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமான நுவால்ஸும் அப்படித்தான். இதில் ஒரு குறையும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்: நீதிபதிகளின் நிழலில் வளரும் பள்ளிக்கு நீதிபதிகளின் தீர்ப்பைக் கடுமையாக விமர்சிக்கக் கொஞ்சம் நா எழாது. எல்லா இடத்திலும் என்று சொல்லவில்லை. பார்த்திருக்கிறேன் என்கிறேன்.

அவர் கட்டியதன் மீது உள்ள பெரிய குற்றச்சாட்டு வேறு. நல்ல வக்கீல்களைக் கீழ் நீதிமன்றம் வரை அனுப்புவதற்காகத் தொடங்கிய பள்ளி, கடைசியில் மும்பை, டெல்லி கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடமாகிவிட்டது என்பார்கள். கட்டணமும் நம் ஊர் விவசாயி வீட்டுக் கையைக் கடிக்கும். சித்தூர் முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் நின்று தேடினால் தேசியச் சட்டப் பல்கலைக்கழகப் பட்டதாரியைக் காண்பது அபூர்வம். குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே அலையில்தான் உங்கள் கோயம்புத்தூர்க் கல்லூரி வரைக்கும் ஐந்து வருஷப் படிப்பும், மாதிரி நீதிமன்றப் போட்டியும், கட்டாய கிளினிக் பாடமும் வந்து சேர்ந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வருஷம் கழித்து 1998-ல் பெங்களூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். மேற்கு வங்க அரசு தொடங்கிய தேசிய நீதி அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 2003-ல் அங்கிருந்து போபால், நீதிபதிகளுக்கே பயிற்சி தரும் தேசிய நீதித்துறை அகாதெமியின் இயக்குநர், 2006 வரை. அதே 2003-ல் பத்மஸ்ரீ. பிறகு மத்திய - மாநில உறவுகளுக்கான பூஞ்சி ஆணையத்தில் உறுப்பினர், குற்றவியல் நீதிக் கொள்கை வரைவுக் குழுவுக்குத் தலைவர். அரசு விளம்பரங்களில் தலைவர்கள் படம் போடுவது பற்றி 2014-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த மூவர் குழுவிலும் இருந்தார். 2015-ல் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி தவிர வேறு யார் படமும் கூடாது என்று வந்த தீர்ப்பு அந்தக் குழுவின் அறிக்கையை அலசி எழுதியதுதான். அடுத்த வருஷமே முதலமைச்சர், அமைச்சர் படங்களுக்கு மறுபடி வழிவிட்டார்கள் என்பதை நம் இரண்டு மாநிலப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். ஊர் திரும்பித் திருவனந்தபுரத்தில் வக்கீல்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனம் ஒன்றும் தொடங்கினார். 2019 மே மாதம் காலமானார். 2020-ல் பத்மபூஷண்.

எல்லோரும் மேனன் வழியில்தான் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உபேந்திர பக்ஷி நேர் எதிர் ரகம். எழுத்தாலேயே மேலே வந்தவர். மதுரா என்ற ஆதிவாசிப் பெண்ணைக் காவல் நிலையத்தில் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, 1979-ல் நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதில் ஒருவர் பக்ஷி. அந்த மடல் கிளப்பிய விவாதம்தான் 1983-ல் சட்டத்தையே திருத்த வைத்தது. அவர் 1982 முதல் தெற்கு குஜராத் பல்கலைக்கழகத்திலும், 1990 முதல் 94 வரை டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தர். 1990 என்றால் மண்டல் கலவரம், மாணவர்கள் தீக்குளிப்பு. அரசியலமைப்புச் சட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக எழுதியவர் முன்னால் அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு (அரசு வேலையில் இடஒதுக்கீடு பற்றியது) தெருவில் எரிந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் இது நன்றாகத் தேய்ந்த பாதை. சட்டப் பள்ளி டீன், பிறகு பல்கலைக்கழகத் தலைவர். சிகாகோவில் எட்வர்ட் லெவி, ஹார்வர்டில் டெரெக் போக். லீ பொலிஞ்சர் கதை சுவாரஸ்யம்: பேச்சுரிமைச் சட்டத்தில் பெரிய ஆராய்ச்சியாளர். மிச்சிகன் சட்டப் பள்ளி டீனாக இருந்து, 1996-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுத்தது செல்லுமா என்று வந்த இரண்டு வழக்குகளிலும் எதிர்மனுதாரர் பெயர் அவருடையது. 2003-ல் சட்டப் பள்ளி வழக்கில் 5-க்கு 4 என்று ஜெயித்தார், இளநிலைப் படிப்பு வழக்கில் தோற்றார். ஜெயித்த தீர்ப்பும் இருபது வருஷம்தான் தாங்கியது. 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. தீர்ப்பை அலசும் ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர் கடைசியில் மாணவர்கள் அலசும் வழக்கின் தலைப்பில் போய் உட்கார்ந்தார். 2002 முதல் 2023 வரை கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர். நம் ஊரில் அத்தனை வருஷம் யாரும் அந்த நாற்காலியில் இருக்க முடியாது. கேரளப் பல்கலைக்கழகச் சட்டப்படி நான்கு வருஷம், தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூன்று.

சரி, விதிகள். இங்கே கனவைக் கொஞ்சம் கணக்காக்கிக் கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி துணைவேந்தராகப் பேராசிரியர் பதவியில் 10 வருஷ அனுபவம் வேண்டும், அல்லது பெயர் பெற்ற ஆராய்ச்சி, கல்வி நிர்வாக நிறுவனத்தில் அதற்கு ஈடான அனுபவம். பேராசிரியர் ஆவதற்கே, பி.எச்டி.யோடு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு வழியில் 4, 5, 3, 3 என்று படிகள். கூட்டினால் 15 வருஷம். நேரடி நியமனம் என்றால் பி.எச்டி., 10 வருஷ அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரைகள். ஆக மொத்தம் 20 முதல் 25. இருபத்தெட்டு வயதில் சேர்ந்தால் நாற்பத்தெட்டுக்கும் ஐம்பத்து மூன்றுக்கும் இடையில்தான் விண்ணப்பிக்கவே தகுதி. கேரளப் பல்கலைக்கழகச் சட்டமோ 60 வயதைத் தாண்டியவரை நியமிக்கக் கூடாது என்கிறது. எனவே ஜன்னல் சின்னது.

அந்த ஜன்னல் வழியாக உள்ளே போனவர்களும் நிலைத்தார்களா என்றால், நம் மாநிலத்துக் கதையே போதும். அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம், தேடல் குழு மூன்று முதல் ஐந்து பெயர் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெயரைக் கொடுத்திருந்தது. நியமிக்கப்பட்டவர் மீது ஒரு குறையும் இல்லை, பட்டியலில்தான் குறை. 2023 நவம்பரில் கண்ணூர் பல்கலைக்கழகம். அங்கே 60 வயது வரம்பு மறுநியமனத்துக்குப் பொருந்தாது என்று சொன்ன நீதிமன்றம், வேந்தர் சுயமாக முடிவெடுக்கவில்லை, மாநில அரசின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார் என்று மறுநியமனத்தையே ரத்து செய்தது. தமிழ்நாட்டிலும் துணைவேந்தர் நியமன அதிகாரம் யாருக்கு என்ற மசோதாக்கள் உச்ச நீதிமன்றம் வரை போன கதை உங்களுக்குத் தெரியும். 2025 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்ட புதிய வரைவு, தொழில்துறை, பொது நிர்வாகத்தில் இருப்பவர்களையும் இந்தப் பதவிக்கு அனுமதிக்கலாம் என்றது. இரண்டு மாநிலமும் எதிர்த்தன. அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் வயதில் விதி எப்படி இருக்கும் என்று இன்றைக்கு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. துணைவேந்தர் பதவியைக் குறிவைத்து இருபத்து மூன்று வயதில் திட்டம் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பேராசிரியர் வேலையைக் குறிவையுங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது எல்லைக்காரனுக்கு மட்டுமே உள்ள சிக்கல்கள். முதல் சிக்கல், நீங்கள் எந்த மாநிலத்து ஆள்? ரேஷன் கார்டு கேரளம், கல்லூரி தமிழ்நாடு. ஒரு மாநிலத்தில் வாங்கிய சாதிச் சான்று இன்னொரு மாநிலத்து ஒதுக்கீட்டுக்கு உதவாது. பட்டியல் இனத்தவருக்கே அப்படித்தான் என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தமிழ்நாட்டு ஆசிரியர் தேர்வு வாரியத்தில் நீங்கள் பொதுப் போட்டிதான். கேரளத்தில் அரசு சட்டக் கல்லூரி உதவிப் பேராசிரியர் நியமனம் பி.எஸ்.சி. (மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழி, அங்கே உங்கள் ஒதுக்கீடு நிற்கும். முதலில் இந்தக் கதவைத் தட்டுங்கள்.

இரண்டாவது மொழி. ஆசிரியராவதற்கான யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வில் சட்டத் தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும்தான். எல்.எல்.எம். சேர தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான க்ளாட் எழுதினால் அது முழுக்க ஆங்கிலம். ஆங்கிலத்தில் எழுதப் பழகாமல் இந்தப் பாதையில் ஒரு மைல் கூடப் போக முடியாது. வாரத்துக்கு ஒரு தீர்ப்பை எடுத்து, வழக்கின் சங்கதி, எழுந்த கேள்வி, காரணம் என்று ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, புரிந்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். ஆறு மாதத்தில் கை பழகிவிடும். மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று மொழி ஆவணத்தை நேராகப் படிக்கும் சட்ட ஆராய்ச்சியாளர் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்பாவை எப்படிச் சமாளிப்பது? அவர் சொல்வதையும் கேளுங்கள், முரண்பாடு இல்லை. கேரள பார் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கு 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அகில இந்திய பார் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். சித்தூரில் ஒரு நல்ல சீனியரிடம் இரண்டு வருஷம் இருங்கள். வக்கீல் தொழிலில் இருப்பவர் நாளைக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்க 1979 விதிகள் அனுமதிக்கின்றன. அதனால் பக்கத்துக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வகுப்பும் எடுக்கலாம். முழுநேரச் சம்பளத்துக்குப் போகும் அன்று சன்னதை (வக்கீல் பதிவுச் சான்றை) நிறுத்தி வைக்க வேண்டும், மறக்காதீர்கள். இந்த இரண்டு வருஷத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வடகரப்பதி பஞ்சாயத்தில் இருந்து ஒரு பாட்டி வருவார். கையில் நிலத்துக்குக் கரம் (வரி) கட்டின ரசீது, மலையாளத்தில். வில்லேஜ் ஆபீசில் கொடுத்த நோட்டீஸ், மலையாளத்தில். பழைய ஆதாரம், தமிழில் எழுதின கிரயப் பத்திரம். பாட்டிக்குத் தமிழ் மட்டும் தெரியும், அதிலும் எழுத்துக்கூட்டித்தான். மூன்றையும் சேர்த்து வைத்து, சர்வே எண் எங்கே மாறிப்போனது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு முழுக் காலை போய்விடும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ன்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். சட்டம் அப்படி; பாட்டியின் கையில் இருக்கும் நோட்டீஸ் இப்படி. இந்த இடைவெளியை அளந்து யாராவது ஒழுங்காக ஒரு பி.எச்டி. எழுதட்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அரசியலமைப்பில் மொழிச் சிறுபான்மையினருக்கான 350-ஏ, 350-பி பிரிவுகளையும் சேர்த்துக்கொண்டால் தலைப்பு தயார்.

அது பிடிக்கவில்லையா, தண்ணீரை எடுங்கள். பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தாகி 1958 முதல் செல்லும் என்று எழுதப்பட்டது. மணக்கடவு அணைக்கட்டில் வருஷம் 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு. ஒவ்வொரு கோடையிலும் சித்தூர் விவசாயிகளும் பொள்ளாச்சி விவசாயிகளும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு போராடுகிறார்கள், ஒப்பந்தத்தைச் சட்டப் பார்வையில் முழுசாக அலசிய தமிழ் எழுத்து என் கண்ணில் பட்டதில்லை. அல்லது கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை எடுப்பதை எதிர்த்துப் போராட்டம் நடந்த பிளாச்சிமடை. இந்தியா முழுக்கச் சுற்றுச்சூழல் சட்ட வகுப்பில் பாடமாக இருக்கும் பெருமாட்டி பஞ்சாயத்து வழக்கு உங்கள் தாலுகாவிலேயே கிளம்பியதுதான். நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2005-ல் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரண்டு நீதிபதிகள் அமர்வு) வேறு மாதிரி சொன்னது. கோகோ கோலா ஆலை 2004-லேயே மூடியாகிவிட்டது. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் பேசும் மொழி உங்களுக்குப் புரியும். டெல்லியில் இருந்து வரும் ஆராய்ச்சியாளருக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

எல்.எல்.எம். எங்கே என்றும் கேட்டிருந்தீர்கள். களமச்சேரி நுவால்ஸில் ஒரு வருஷப் படிப்பு, க்ளாட் வழி. கொச்சிப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்வித் துறை பழைமையானது, ஆராய்ச்சிக்குப் பேர் போனது; தனி நுழைவுத் தேர்வு. என் ஓட்டு கொச்சிக்கு. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்பதைப் பிறகு பாருங்கள். அவரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பி.எச்டி.யை முடித்தார்கள், எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்று அந்தத் துறையின் பழைய மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்துக் கேட்டுவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.